பாவாத்தாளின் முதுகுக்குப் பின்னால்

ஆடிக்காற்று ஓர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிப்போய் அடுத்த தோட்டத்தில் நிறுத்திவிட்டு, திரும்பி வந்து தாயாட்டின் காதில் சேதி சொல்லிவிட்டுப் போகிற தாராபுரம் சீமையில், மூன்று மயில் பனியன் கம்பெனியின் பெண்கள் சைக்கிள் குழுவுக்கு முன்னால் போய்க் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டிருந்த பாவாத்தாளின் முதுகுக்குப் பின்னால், ஒரு வியாழக்கிழமை காலையில் காற்று அடியோடு நின்றுபோனது. நின்றதைக் கண்டுபிடித்தது பாவாத்தாளும் அல்ல, அவள் சக்கரத்தை ஒட்டி வந்த பெண்களும் அல்ல; எல்லாருக்கும் பின்னால் கூரையில்லாத ஜீப்பில் வந்துகொண்டிருந்த கோச் மாகாளியப்பன்தான், அதுவும் பீடியால்தான்.

அந்தச் சாலையில் ஆடி மாதத்தில் ஒரே குச்சியில் பீடி பற்றவைத்தவன் பிறக்கவில்லை. மாகாளியப்பன் வழக்கமாக ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டு, சட்டையைக் கூடாரமாக்கி, அரைப் பெட்டி குச்சியைக் காலிசெய்துவிட்டு, கடைசியில் பற்றாத பீடியையே மென்று துப்புகிற மனிதர். அன்றைக்கு ஏதோ நினைப்பில் சும்மா உரசினார். குச்சி பூஜையறை விளக்குப் போல நிமிர்ந்து எரிந்தது. புகை நேராக மேலே போய், அண்ணாந்து பார்க்கிற உயரத்தில், எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். இரண்டு பக்கமும் காற்றாலைகள் பேயாய்ச் சுற்றின, வேலாமரங்கள் தரையைத் தொட்டுக் கும்பிட்டன, தூரத்தில் யாரோ ஒருவருடைய வேட்டி தனியாகப் பறந்து போய்க்கொண்டிருந்தது. ஆனால் பாவாத்தாளின் முதுகிலிருந்து ஜீப்பின் பின்சக்கரம் வரைக்கும் சாலையில் கிடந்த சருகு ஒன்றுகூடப் புரளவில்லை. மாகாளியப்பன் பீடியைக் கடைசி இழுப்பு வரை இழுத்தார். பிறகு இன்னொன்று பற்றவைத்தார்.

சைக்கிள் ரேஸை டிவியில் ஓரக்கண்ணால் பார்த்தவர்களுக்குக்கூடத் தெரியும், அதில் எதிரி பக்கத்துச் சைக்கிள்காரி அல்ல, காற்றுதான். முன்னால் போகிறவள் நெஞ்சைக் கொடுத்துக் காற்றை உடைப்பாள். அவள் பின்சக்கரத்தைத் தன் முன்சக்கரம் தொட்டும் தொடாமலும் ஒட்டி வருகிறவளுக்கு உழைப்பில் பெரும்பங்கு மிச்சம். அதனால் ஒவ்வொரு குழுவிலும் ஜெயிப்பதற்கென்று ஒருத்தி இருப்பாள், அவளைப் பொத்திக் கூட்டிப்போய்க் கடைசி இருநூறு மீட்டரில் இறக்கிவிடுவதற்கென்று மற்றவர்கள் இருப்பார்கள். மூன்று மயிலில் ஜெயிக்கிறவள் ஜெசிந்தா. மணப்பாட்டுக் கடற்கரையிலிருந்து வந்தவள், இருபத்திரண்டு வயது, கடைசி இருநூறு மீட்டரில் அவளைக் கண்ணால் தொடர்ந்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். பொத்திக் கூட்டிப்போகிறவள் பாவாத்தாள். குழுவில் மற்ற பெண்களும் முறை வைத்துக் காற்று வாங்க வேண்டியவர்கள்தான். சளி என்றார்கள், வயிற்று வலி என்றார்கள், கண்ணில் தூசி என்றார்கள். பாவாத்தாளுக்குச் சாக்குச் சொல்ல வரவில்லை. அதனால் எல்லார் முறையும் அவள் முறையாகி, பன்னிரண்டு வருசமாக உதடு வெடித்து, கண்ணோரம் சுருங்கி, அசதி என்பது வந்துபோகிற விருந்தாளியாக இல்லாமல் வீட்டோடு தங்கிச் சாப்பிடுகிற சொந்தக்காரனாகவே ஆகிவிட்டது.

அவளுக்கு ஜெயிக்கவேண்டும் என்ற ஆசையெல்லாம் கிடையாது. ஒரே ஒரு ரேஸில் யாருடைய முதுகுக்காவது பின்னால் உட்கார்ந்து போகவேண்டும், அந்த இடம் எப்படித்தான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும், பிறகு சைக்கிளைச் சுவரில் மாட்டிவிடலாம். பொங்கலிலிருந்து இதை அவள் மாகாளியப்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாளைக்குங்க. ஒரே ஒரு நாளைக்கு என்னையப் பின்னால விடுங்க."

"விடறேன் கண்ணு. நீ பின்னால போனா முன்னால யாரு போறது? அதை மட்டும் சொல்லீரு."

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மறுபடியும் முன்னால் போய்விடுவாள். இப்போது காற்றே நின்றுபோன பிறகு, கேள்வி இன்னும் கெட்டியாகிவிட்டது.

முதலில் அந்தக் காற்றில்லாத இடம் ஜீப்பைத் தாண்டி ஒரு மாட்டுவண்டி நீளம்தான் இருந்தது. அப்புறம் லாரி நீளம் ஆனது, அப்புறம் கல்யாண ஊர்வல நீளம், ஆடி பிறந்து அமாவாசை வருவதற்குள் பாவாத்தாள் கருக்கம்வலசு பால் சொசைட்டியைத் தாண்டினால் அதன் வால் நுனி இன்னும் முந்தின ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தில் கிடந்தது. அவள் போனால் அதுவும் போனது, அவள் நின்றால் அதுவும் நின்றது, அவள் டீக்கடைக்குள் திரும்பினால் அதுவும் சேலை முந்தானை மாதிரி சாலையோரத்து வேலியையெல்லாம் துடைத்துக்கொண்டு கூடவே திரும்பியது. ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிறதற்கு நேரம் இருந்தால்தானே. வருசம் பூராவும் காற்றோடு மல்லுக்கட்டி ஒத்திவைத்த வேலைகள் ஊரில் அத்தனை இருந்தன.

சோளத்தட்டு ஏற்றின டிராக்டர்காரன்தான் முதலில் ஜீப்புக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டான், தட்டு ஒன்றுகூடப் பறக்காமல் வீடுவந்து சேர்ந்ததை அவன் டீக்கடையில் சொல்ல, மறுநாள் வைக்கோல்காரர்களும், அப்பளம் காயவைக்கிற பெண்களும், பஞ்சு மூட்டைக்காரர்களும், தலையில் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டு மொபெட்டில் போகிறவரும் வந்து சேர்ந்தார்கள். அதற்கடுத்து, ஆடியில் கல்யாணம் ஆகாது என்பதையும் மறந்து, மணப்பெண்ணின் அலங்காரம் கலையாமல் மண்டபம் சேரவேண்டுமென்று ஒரு கல்யாணக் கார் சேர்ந்துகொண்டது, மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள், ஒரு நாள் ஒரு சவ ஊர்வலமே பாவாத்தாள் பயிற்சிக்கு வருகிற நேரம் வரைக்கும் சாலையோரத்துப் புளியமரத்தடியில் காத்திருந்து, கொள்ளிச்சட்டி அணையாமல் அவள் பின்னால் மரியாதையாக நடந்து போனது. செத்தவர் உயிரோடு இருந்தபோது இவ்வளவு வேகமாகப் போனதில்லை என்று அவருடைய மச்சினனே சொன்னான். திரும்பிப் பார்க்கிற வழக்கமில்லாத பாவாத்தாளுக்குப் பின்னால் ஒரு சீமையே வந்துகொண்டிருந்தது, அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முகத்தில் அறைகிற காற்று ஒன்றுதான்.

வீட்டிலும் அதே கதை. அவள் புருசன் நாச்சிமுத்து மூன்று மயிலிலேயே ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவன், வேர்த்தால் பொறுக்காத உடம்பு.

"ஏம்புள்ள, உன்ற முதுகை அக்கட்ட திருப்பு. ஃபேன் நாலுல சுத்துது, எனக்கு ஒரு பொட்டுக் காத்து வல்ல."

"திரும்பினா மூஞ்சில காத்து அடிக்குமுங்க. நாள் பூரா அதைத்தானுங்க வாங்கறேன்."

"அப்ப நீ அந்தப் பக்கம் வந்து படு, நான் இந்தப் பக்கம் வர்றேன்."

இடம் மாறிப் படுத்துப் பார்த்தார்கள். எப்படிப் படுத்தாலும் ஒன்று அவளுக்குக் காற்று, இல்லாவிட்டால் அவனுக்கு வேர்வை. கடைசியில் நாச்சிமுத்து தலையணையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

ஊரிலும் சண்டை சீக்கிரமே வந்தது, காற்று வேண்டாதவர்கள் பாதி என்றால் வேண்டியவர்கள் மீதிப் பாதி அல்லவா. பால் சொசைட்டி முன்னால் கூட்டம் போட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவரம்மா நடுவில் உட்கார்ந்தார். பயிற்சி முடித்து அந்த வழியாக வந்த பாவாத்தாளை, வேர்வை காய்வதற்குள் சைக்கிளோடு நிறுத்திவைத்துக்கொண்டார்கள்.

தக்காளிக்காரர்கள் சொன்னார்கள்: "காத்து இருந்தா மருந்தடிக்க முடியாதுங். அடிக்கிற மருந்து பூராவும் பக்கத்துக் காட்டுக்காரனுக்குப் போவுது. அம்மிணி விடியால எங்க பக்கந்தான் வரோணும்."

"மருந்து எங்க காட்டுக்கு வந்தா எங்களுக்கு நல்லதுதானுங்களே," என்றார் பக்கத்துக் காட்டுக்காரர்.

கடலைக்காய்க்காரர்கள் சொன்னார்கள்: "காத்து இல்லாம எப்படிங் தூத்தறது? முந்தாநாள் முறத்தை எடுத்து நிக்கறோம், இந்தம்மா குறுக்கால போயிருச்சு. தூசி எங்க தலை மேலயே உக்காந்துக்கிச்சு. ஊட்டுக்குப் போனா நாய் அடையாளந்தெரியாம குலைக்குதுங்."

காற்றாலைக் கம்பெனியின் மேனேஜர், டை கட்டிய மனிதர், எழுந்து நின்று, இந்தம்மா சாலையில் போகும்போது சாலையை ஒட்டி வரிசையாகப் பதினைந்து இருபது ஆலைகள் நின்றுவிடுவதாகவும், தலைமை அலுவலகத்திலிருந்து கேட்டால் ஒரு பெண் சைக்கிளில் போனார் என்று பதில் எழுத முடியவில்லை என்றும், ஆகவே அவர் தயவுசெய்து காற்றே இல்லாத மாதங்களில் மட்டும் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

"ஏனுங்க," என்றாள் பாவாத்தாள். "எனக்குச் செத்த நேரம் உக்காரோணுமுங்க."

"அடடா, அம்மிணிக்குச் சேர் போடுங்கப்பா," என்றார் தலைவரம்மா.

சேர் வந்தது. அவள் உட்கார்ந்தாள். அவள் முகம் மேற்கே பார்த்து இருந்ததால், முதுகுக்குப் பின்னால் கிழக்கே ஊரில் துணி காய்வது நின்றது. யாரோ ஒரு பெண் ஓடிவந்து, சேரைக் கொஞ்சம் வடக்கே திருப்பிப் போடச் சொன்னாள். திருப்பிப் போட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் தக்காளிக்காரர் பக்கம், புதன் கல்யாணம் காதுகுத்து, ஞாயிறு கடலைக்காய்க்காரர்களுக்காக அவள் வெளியே வரவே கூடாது, சாவு விழுந்தால் எந்த நாளானாலும் வரவேண்டும் என்று முடிவானது. பாவாத்தாளுக்கு என்ன நாள் தோதுப்படும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், கூட்டம் முடிவதற்குள் அவள் அந்தச் சேரிலேயே கண்ணைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தாள்.

ரேஸ்களில் இன்னும் மோசம். முதலில் ஜெசிந்தா எல்லா ரேஸிலும் ஜெயித்தாள். தாலாட்டுகிற தொட்டிலில் வருகிறவள் மாதிரி வந்து, கடைசியில் எழுந்து நின்று நாலு மிதி மிதித்தால் முடிந்தது. கம்பெனி முதலாளி சென்னியப்பன் வாய்கொள்ளாச் சிரிப்போடு ஜெசிந்தாவுக்கு மாலை போட்டார். மற்றக் குழுக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். நடுவர்கள் வந்து பாவாத்தாளின் சைக்கிளைக் கழற்றிப் பார்த்தார்கள், உள்ளே மோட்டார் இல்லை. ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தார்கள், வேர்வைதான் இருந்தது. காற்றை நிறுத்தக்கூடாது என்று சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. ரொம்ப நேரம் குசுகுசுத்துவிட்டு, காற்று பொதுச்சொத்து, காற்று இல்லாத இடமும் பொதுச்சொத்துதான், ஆகவே அவள் பின்னால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் நடந்ததை ரேஸ் என்று சொல்வதற்கு நாக்கூசும். பஞ்சாபும் கேரளாவும் மணிப்பூரும் அரியானாவும் எல்லாக் குழுவும் பாவாத்தாளுக்குப் பின்னால் வரிசை கட்டினார்கள். அவளை முந்தினால் ஆடிக்காற்று அறையும், முந்தாவிட்டால் நடுவீட்டுக்குள் இருக்கிற சொகுசு, யார் முந்துவார்கள்? அவள் வேகமாகப் போனால் வேகமாக வந்தார்கள், அவள் அசந்து மெதுவாகப் போனால், குறைபட்டுக்கொள்ளாமல், தங்களுக்குள் சமையலும் சினிமாவும் பேசிக்கொண்டு மெதுவாக வந்தார்கள். ஒரு தடவை அவள் வேண்டுமென்றே நின்றேவிட்டாள். மொத்த ரேஸும் நின்றது. அத்தனை பேரும் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி பொறுமையாக நின்றார்கள். பின்னாலிருந்து ஓர் அரியானாப் பெண் இந்தியில் "அக்கா, தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டாள். பாவாத்தாள் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் மிதித்தாள்.

அன்றைக்கு மாலை, தாராபுரத்துப் பழனி ரோட்டு ரவுண்டானாவில் அவள் ஒரு காரியம் செய்தாள். தன் முதுகுக்குப் பின்னால் அந்த இடம் இத்தனை நீளமாகக் கிடக்கிறதே, வளைந்து வளைந்து போனால் அதன் வால் நுனியைப் பிடித்து, அதற்குள் தானே நுழைந்துவிடலாமே என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. ரவுண்டானாவைச் சுற்ற ஆரம்பித்தாள். ஊர் கூடிவிட்டது. போக்குவரத்துப் போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். பரோட்டாக் கடையிலிருந்து கையில் மாவோடு ஒருவர் வந்து, "இன்னுங் கொஞ்சந்தானுங்கக்கா, விடாதீங்க!" என்று கத்தினார். அவள் வேகத்தைக் கூட்டக் கூட்ட அதுவும் வேகத்தைக் கூட்டியது. வட்டத்துக்கு உள்ளே மட்டும் ஒரு கிணறு மாதிரி காற்றே இல்லாமல், ஒரு நாய் படுத்துச் சுகமாகத் தூங்கியது. கன்னுக்குட்டி தன் வாலைத் துரத்துகிற மாதிரி சுற்றிச் சுற்றி, தலைசுற்றி, கடைசியில் பரோட்டாக் கடை பெஞ்சில் வந்து விழுந்தாள்.

ஜெசிந்தா அவளைத் தேடிக்கொண்டு அங்கே வந்தாள்.

"என்னக்கா இது, சின்னப் புள்ளைங்க மாதிரி?"

"எல்லாரும் நல்லா இருக்குதுங்கறீங்க. எப்படி இருக்குதுன்னு பாக்கலாம்னுதான்."

ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒண்ணுமில்லக்கா அங்க," என்றாள். "சும்மா, ஒங்க முதுகு தெரியும். அவ்வளவுதான்."

"அது பத்தாதா?" என்றாள் பாவாத்தாள், கண்ணை மூடிக்கொண்டு.

அந்த வருசத்துப் பெரிய ரேஸின் கடைசி நாள் ஆவணி பிறப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. மூலனூரில் கிளம்பி, தாராபுரம் வழியாக, உடுமலையில் முடிகிறது. வழி பூராவும் மேற்கே பார்த்த சாலை, மேற்கேயிருந்துதான் காற்று. பாலக்காட்டுக் கணவாயில் யாரோ கதவைத் திறந்து வைத்துவிட்டு மூட மறந்துபோன மாதிரி அன்றைக்கு அடித்தது. முந்தின நாட்களின் கணக்கில் ஜெசிந்தா முதலிடத்தில் இருந்தாள். அன்றைக்கு முதலில் வருகிற கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தால் போதும், கோப்பை மூன்று மயிலுக்கு. உடுமலையில் மேடை போட்டு, ஜெசிந்தாவின் படத்தை ஆள் உயரத்துக்கு அடித்து, சென்னியப்பன் பட்டு வேட்டியில் காத்திருந்தார்.

"இன்னைக்கு மட்டும் இழுத்துக் குடுத்துரு கண்ணு," என்றார் மாகாளியப்பன். இதையே அவர் பன்னிரண்டு வருசமாக ஒவ்வொரு ரேஸுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாவாத்தாள் இழுத்தாள். அவளுக்குப் பின்னால் ஜெசிந்தா, ஜெசிந்தாவுக்குப் பின்னால் எல்லா மாநிலத்துப் பெண்களும் ஒரே கயிற்றில் கோத்த மாதிரி, அவர்களுக்குப் பின்னால் ஜீப்புகள், ஆம்புலன்ஸ், ரேடியோக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் வைக்கோல் வண்டிகள், முட்டைக்காரர், அப்பளக்காரப் பெண்கள், இரண்டு கல்யாணக் கார்கள், குடை பிடித்து நடந்து வருகிற வாத்தியார், தோளில் விசைத்தெளிப்பானோடு தக்காளிக்காரர்கள், பேண்டு வாத்தியம், ஆட்டு மந்தை ஒன்று, ஆட்டு மந்தைக்குப் பின்னால் எதற்கென்றே தெரியாமல் சும்மா வருகிறவர்கள். சாலையின் இரண்டு பக்கத்திலும் சூறையாடுகிற காற்றுக்கு நடுவே, கண்ணாடிக் குழாய்க்குள் நடக்கிற ஊர்வலம் மாதிரி அவ்வளவு பேரும் அலுங்காமல் குலுங்காமல் வந்தார்கள், எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரே ஒரு பெண் தலையைக் குனிந்து, மொத்தக் காற்றையும் தனியாக நெஞ்சில் வாங்கிக்கொண்டு போனாள். தாராபுரம் தாண்டும்போது அவளுக்குத் தொடை மரத்துப்போனது. குடிமங்கலம் பக்கம் வரும்போது தோள் மரத்துப்போனது. அதற்கப்புறம் மரத்துப்போக ஒன்றும் மிச்சம் இல்லை.

சைக்கிள் ஓட்டுகிற பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவளுக்குக் களைத்துவிட்டால் அவள் வாயைத் திறந்து யாரையும் கூப்பிடுவதில்லை. முழங்கையை ஒரே ஒரு தரம் வெளிப்பக்கமாக ஆட்டுவாள், கொசுவை விரட்டுகிற மாதிரி. அதைக் கண்டதும் பின்னால் இருப்பவள் மறுபேச்சில்லாமல் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். ஏன் என்றோ, இப்போதா என்றோ யோசிக்கக்கூடாது. சைக்கிளில் ஏறின முதல் வாரத்திலேயே இதை மூளைக்குச் சொல்லாமல் நேராகக் காலுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஜெயிக்கவேண்டியவளைப் பார்த்து மட்டும் முழங்கையை ஆட்டக்கூடாது. அது சட்டம் இல்லை, சட்டத்தைவிடப் பெரிசு. பாவாத்தாள் பன்னிரண்டு வருசத்தில் யாரைப் பார்த்தும் ஆட்டியதில்லை.

உடுமலைக்கு மூன்று கிலோமீட்டர் என்ற கல் தாண்டியதும் அவள் முழங்கையை ஆட்டினாள்.

மரத்துப்போன கை தானாகத் துள்ளியது என்று பிற்பாடு மாகாளியப்பன் சென்னியப்பனிடம் சாதித்தார். அப்படி இல்லை. அவள் அந்தக் கல்லைப் பார்த்தாள், இந்தக் கல்லுக்கு அப்புறம் கேட்டால் கேட்டதாகவே ஆகாது என்று நினைத்தாள், கேட்டாள். அவ்வளவுதான்.

ஜெசிந்தாவின் தலை யோசிப்பதற்கு முன்னால் கால் கேட்டுவிட்டது. இரண்டு மிதியில் பக்கவாட்டில் வந்து, மூன்றாவது மிதியில் பாவாத்தாளுக்கு முன்னால் போனாள், போன மாத்திரத்தில் காற்று அவள் முகத்தில் ஈரச்சாக்கால் அடித்த மாதிரி அடித்தது. "யேசுவே!" என்று கத்தினாள். சைக்கிள் ஒரு முழம் தள்ளாடியது.

பாவாத்தாள் அவள் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டாள். காற்றை வாங்கினால்தானே அதைப் பின்னால் வராமல் நிறுத்த முடியும். அவள் வாங்குவதை விட்டதும், ஆடி பூராவும் அவளுக்குப் பின்னால் வராமல் நின்ற காற்றெல்லாம் வரவேண்டிய இடத்துக்கு ஒரேயடியாக வந்து சேர்ந்தது. வைக்கோல் வண்டிகள் வானத்துக்குப் போயின. அப்பளங்கள் வெள்ளைக் கொக்குக் கூட்டமாகத் தெற்கே பறந்தன. வாத்தியார் குடையை விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்ததால் குடையோடு ஒரு வயலைத் தாண்டி இறங்கினார், காயம் இல்லை. பேண்டு வாத்தியத்தின் பெரிய கொம்பு யாரும் ஊதாமலே ஊதியது. நின்றிருந்த காற்றாலைகள் அத்தனையும் ஒரே முறுக்கில் சுற்ற ஆரம்பித்தன, டை கட்டிய மேனேஜர் தன் அறையில் அழுதார் என்கிறார்கள். கயிற்றில் கோத்த மாதிரி வந்த பெண்கள் சிதறினார்கள். பாதிப் பேர் சாலையோரத்துக்குத் தள்ளப்பட்டார்கள், மீதிப் பேருக்கு அப்போதுதான் தாங்கள் ரேஸுக்கு வந்திருப்பது ஞாபகம் வந்தது. எழுந்து நின்று மிதித்து, பாவாத்தாளையும் ஜெசிந்தாவையும் இரண்டு பக்கமாகவும் முந்திப் போனார்கள்.

முடிவு என்ன ஆனது என்று கேட்கிறவர்களுக்கு: முதலில் வந்தது அரியானாப் பெண், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டவள். கோப்பையும் அவர்கள் குழுவுக்கே போனது. உடுமலை மேடையிலிருந்த ஜெசிந்தாவின் படம் கிழிந்து, பறந்து, பொள்ளாச்சிக்குப் போகிற பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. டிரைவர் ஒரு பெண் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்து பஸ்ஸை நிறுத்திவிட்டார். சென்னியப்பன் இரண்டு பேரையும் வேலையிலிருந்து நிறுத்திவிடுவதாகக் கத்தினார், பிறகு வேறு ஆள் கிடைக்காமல் சும்மா இருந்துவிட்டார். கருக்கம்வலசில் மறுபடியும் துணி காய்ந்தது, கடலைக்காய் தூற்றினார்கள், தக்காளிக்காரர்களின் மருந்து பக்கத்துக் காட்டுக்கே போனது. பாவாத்தாள் முதுகுக்குப் பின்னால் அப்புறம் எப்போதும் ஒரு சைக்கிள் நீளத்துக்கு மேல் காற்று நிற்கவில்லை, எல்லாருக்கும் நிற்கிற மாதிரிதான் நின்றது. மாகாளியப்பன் பீடியை விட்டுவிட்டார்.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தவை. அந்த மூன்று கிலோமீட்டரில், மற்றவர்கள் ஒதுங்கியும் முந்தியும் போய்விட்ட பிறகு, சாலையில் இவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஜெசிந்தா நினைத்திருந்தால் முதல் அடி வாங்கினதுமே பின்னால் ஒதுங்கியிருக்கலாம். பாவாத்தாள் ஒரு வார்த்தை சொல்லாமல் மறுபடியும் முன்னால் போயிருப்பாள், அது ஜெசிந்தாவுக்குத் தெரியும். ஒதுங்கலாம் என்றுதான் அவள் தன் அக்குளுக்கு அடியாகத் திரும்பிப் பார்த்தாள். மூன்று வருசமாக அவள் சைக்கிளில் இருக்கும்போது பாவாத்தாளின் முதுகைத்தான் பார்த்திருந்தாள். இப்போது முகம் தெரிந்தது. ஜெசிந்தா திரும்பிக்கொண்டு, தலையைக் குனிந்து, மிதித்தாள்.

அவளுக்குக் காற்று வாங்கத் தெரியவில்லை. தோளை விரித்தாள், சைக்கிளை ஆட்டினாள், மூச்சை வீணாக்கினாள். அவள் முதுகுக்குப் பின்னால் கிடைத்த மறைவு ஒரு முறம் அகலம்கூட இல்லை, இரண்டு பக்கமும் காற்று ஒழுகியது. பாவாத்தாள் அந்த முறம் அகலத்துக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டாள். முதலில் கண்ணில் நீர் வடிவது நின்றது. பிறகு உதடு எரிவது நின்றது. கண்ணுக்கு நேரே ஜெசிந்தாவின் முதுகில் மூன்று மயில் அச்சடித்திருந்தது, அதில் நடு மயிலுக்குக் கால் அச்சாகவில்லை. தன் முதுகிலும் இதே மயில்தான் இத்தனை வருசம் காலில்லாமல் நின்றதா என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஏனம்மிணி," என்றாள். "இத்தன நாளா எல்லாரும் இங்கயா இருந்தீங்க?"

"இங்கதான்க்கா," என்று முன்னாலிருந்து துண்டு துண்டாகக் குரல் வந்தது.

"நல்லாத்தான் இருக்குது."

"பேசாம வாங்கக்கா. நான் பதில் சொல்ல வாயைத் தொறந்தா காத்து உள்ள பூந்துருது."

பாவாத்தாள் பேசாமல் போனாள். கொஞ்ச தூரம் மிதிப்பதைக்கூட நிறுத்திவிட்டு, சும்மா உருண்டாள். அப்போது அவள் காலுக்குக் கீழேயிருந்து, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து, டிக் டிக் டிக் என்று சின்னதாக, நிதானமாக, பொழுதுபோகாத பல்லி ஒன்று உச்சுக்கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மிதிக்காமல் உருண்டால் எல்லா சைக்கிளிலும் கேட்கிற சத்தம்தான். தன் சைக்கிளுக்கும் அது உண்டா என்று பாவாத்தாள் குனிந்து பார்த்தாள்.